சின்னத்திரையும் நம் சின்னஞ்சிறு பிள்ளைகளும்

(யூபிலி விழாவையொட்டி இண்டூரில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கொடியேற்றம், தேர்ப்பவனி, பாடற்பலி, அன்பின் விருந்து ஆகியவையே. இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு எதற்காக ஏற்படுத்தப்பட்டது என்று லேவியராகமத்தைத் திறந்து பார்ப்போமாயின், அது விடுதலையின் ஆண்டு என்பதைக் காண்போம். அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்குத் திரும்பும் ஆண்டு அது. ஆகவே இந்த யூபிலி ஆண்டில் நம் வீடுகளில் அடிமைப்பட்டிருப்பவர் எவர் என்று ஆராய்வது பொருத்தமே. நம் பிள்ளைகளையும், அவர்கள் கண்களைக் கட்டிவைத்திருக்கும் அந்தப் பெட்டியையும் பற்றிச் சிறிது நேரம் சிந்திப்போம்.

தொலைக்காட்சியைத் திட்டுவதற்காக நாம் இங்கே கூடவில்லை. திருச்சபை அதைப் பேயின் கருவி என்று ஒருநாளும் சொன்னதில்லை. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டபோது, அவற்றை வியத்தகு கண்டுபிடிப்புகள் என்று வரவேற்றே தொடங்கியது. தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அசிசி நகர்ப் புனித கிளாராவை ஏற்படுத்தினார். நோயுற்றுப் படுக்கையில் கிடந்த அப்புனிதை, கிறிஸ்து பிறப்பு இரவில் கோயிலில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது வரலாறு. 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது, நம் வீட்டு முதியோர் பலருக்கும் அதே நிலைதானே ஏற்பட்டது! அந்த மார்ச் 27ஆம் நாள் மாலை, மழையில் நனைந்த வெறுமையான பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று செபித்ததை உலகெங்கும் மக்கள் கண்டது சின்னத்திரையில்தான். பள்ளிகள் மூடியிருந்த மாதங்களில், 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி நம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தது. இந்த நன்மைகளை மறப்பது நன்றியாகாது.

அவ்வாறாயின் கவலை எங்கே? அதே பெட்டி, அதே பிள்ளைக்கு, அதே நாளில் அடியையும் வெட்டையும் கொலையையும் விளையாட்டைப் போலக் காட்டுகிறதே, அதுதான் கவலை.

எப்படி வந்தது?

நம் தமிழகத்துக்குத் தொலைக்காட்சி வந்தது 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், சென்னை நிலையம் தொடங்கியபோது. அன்று ஓர் ஊருக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. பஞ்சாயத்து அலுவலகத்தின் முன் பாய் விரித்து ஊரே அமர்ந்து பார்த்தது. பெரியவர் நடுவில் சிறுவர் அமர்ந்திருந்தனர். அசிங்கமானது ஏதேனும் வந்தால் ஒரு பாட்டி முணுமுணுப்பாள். அந்த முணுமுணுப்பே ஒரு தணிக்கைக் குழுவாக இருந்தது. பின்னர் 1993இல் சன் டி.வி. தொடங்கியது, ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் தமிழ் அலைவரிசைகள் வந்தன. கேபிள் கம்பி தெருத்தெருவாக ஓடியது. 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. குடிசைக்கும் பெட்டி வந்தது; அதில் தவறில்லை, ஏழைக்கும் பார்க்க உரிமையுண்டு. ஆனால் பாய் விரித்த ஊர் மறைந்துவிட்டது. இப்பொழுது கைப்பேசி வந்து, குடும்பமும் மறைந்து, பிள்ளை தனியே ஒரு மூலையில் அமர்ந்து பார்க்கிறது. தொலைக்காட்சியில் வந்த சண்டைக் காட்சியே துண்டு துண்டாக வெட்டப்பட்டு அந்தக் கைக்குள் வருகிறது.

நம் தர்மபுரி மாவட்டத்துக்கு இன்னொரு துன்பமும் உண்டு. மழை பொய்த்தால் நம் மக்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிறார்கள். பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள். பாட்டிக்குக் கண் மங்கல், இடுப்பு வலி. களி கிண்டிப் போட்டுவிட்டு அவள் படுத்துவிட்டால், அந்தப் பிள்ளையை வளர்ப்பது யார்? பெட்டிதான். அந்தப் பாட்டியையோ, ஊரை விட்டுப் போன தாய் தந்தையையோ நாம் குற்றஞ்சாட்டவில்லை. நிலைமையை உள்ளபடி சொல்லுகிறோம்.

பார்ப்பதைப் பிள்ளை செய்யுமா?

"சினிமா பார்த்தா கெட்டுப்போய்விடுவார்கள்? நாங்களும் எம்.ஜி.ஆர். சண்டை பார்த்துத்தான் வளர்ந்தோம்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிஞர்கள் இதை வெகுகாலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளநூல் அறிஞர் 1961ஆம் ஆண்டு ஒரு சோதனை செய்தார். மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட 72 குழந்தைகள் அதில் பங்குபெற்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் முன்னால், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைக் குத்தினார், சுத்தியலால் அடித்தார், உதைத்தார். பின்பு அக்குழந்தைகளைப் பொம்மையோடு விட்டபோது, பலர் அதே அடியை, அதே சொற்களோடு அடித்தனர். அமைதியான பெரியவரைக் கண்ட குழந்தைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. 1963இல் அதே காட்சியைப் படமாக்கித் திரையில் காட்டினார். நேரில் கண்ட குழந்தைகளைப் போலவே திரையில் கண்ட குழந்தைகளும் அடித்தனர். 1965இல் இன்னொன்றும் கண்டார். படத்தில் அடித்தவனுக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தனர். ஆனால், "அவன் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றவுடன், அவர்களும் எல்லாவற்றையும் செய்து காட்டினர். அதாவது, செய்யாத பிள்ளையும் கற்றுத்தான் இருந்தது! விதை மண்ணுக்குள் கிடந்தது, மழைக்காகக் காத்திருந்தது.

பொம்மையை அடிப்பதும் மனிதனை அடிப்பதும் ஒன்றா என்று கேட்போருக்கு இன்னோர் ஆய்வு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 1960ஆம் ஆண்டு, எட்டு வயதுப் பிள்ளைகள் எண்ணூறு பேருக்கு மேல் ஆராயப்பட்டனர். பத்து ஆண்டுகள் கழித்து அவர்களுள் ஒரு பகுதியினரை மீண்டும் கண்டுபிடித்து ஆராய்ந்தபோது, எட்டு வயதில் வன்செயல் நிறைந்த நிகழ்ச்சிகளை விரும்பிய ஆண்பிள்ளைகள், பதினெட்டு வயதில் மற்றவர்களைவிட முரட்டுத்தனம் மிக்கவர்களாக இருந்தது தெரியவந்தது.

இதனால் சண்டைப் படம் பார்க்கும் பிள்ளையெல்லாம் கொலைகாரனாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். அறிஞர்களே அப்படிச் சொல்லவில்லை. வறுமை, குடி, வீட்டுச் சண்டை, நண்பர் சேர்க்கை இவையெல்லாம் சேர்ந்தே ஒருவனைக் கெடுக்கின்றன. திரை அவற்றுள் ஒன்று. எத்தனை பங்கு என்பதில் அவர்களிடையே இன்றும் வாதம் உண்டு. ஆயினும் நெருப்புக்குப் பல சுள்ளிகள் வேண்டும் என்பதற்காக, ஒரு சுள்ளியை நாமே எடுத்துக் கொடுக்கலாமா?

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றையும் நினைவுகூர்வோம். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் 'சக்திமான்' என்னும் தொடர் வந்தது. முகேஷ் கன்னா அந்த வேடத்தில் நடித்தார். இந்தி தெரியாத நம் ஊர்ப் பிள்ளைகளும் அதைப் பார்த்தனர். சக்திமான் சுழன்று பறப்பான், ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவான். அவன் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிச் சில பிள்ளைகள் மாடியிலிருந்து குதித்ததாகவும், தீ வைத்துக்கொண்டதாகவும் அக்காலத்தில் செய்திகள் வந்தன. அவற்றுள் எவ்வளவு உண்மை என்ற வாதமும் எழுந்தது. அது எப்படியாயினும், அந்த நடிகரே திரையில் தோன்றி, தம்மைப் போலச் செய்ய வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்ல நேர்ந்தது. அவன் நல்லவன், கெட்டவனை எதிர்ப்பவன். அவனைப் பார்த்தே குழந்தைக்கு இந்த மயக்கம் என்றால், மற்றவற்றைப் பற்றி என்ன சொல்வது? கதை எது, உண்மை எது என்று பிரித்தறியும் வலிமை சிறு பிள்ளைக்கு இல்லை. இதையே 1989ஆம் ஆண்டு வத்திக்கானின் சமூகத் தொடர்பு மன்றம், ஊடகங்களில் வரும் ஆபாசத்தையும் வன்செயலையும் பற்றிய தன் ஏட்டில் எச்சரித்தது.

நாம் செய்த ஒரு தவறு

இங்கே நம் பாவம் ஒன்றையும் வெளிப்படையாக அறிக்கையிட விரும்புகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். அப்பொழுது மல்யுத்த நிகழ்ச்சிகளின் மோகம் சிறுவரிடையே தலைவிரித்தாடிய காலம். ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குச் சற்றுத் தாமதமாகப் போனோம். ஒரு பையன் தன்னைவிடச் சிறிய பையனின் கழுத்தைக் கால்களுக்கிடையே இறுக்கித் தரையில் சாய்க்க முயன்றுகொண்டிருந்தான். மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று! ஓடிப்போய்ப் பிரித்தோம். சிறியவன் முகம் கறுத்திருந்தது.

"ஏண்டா, அவன் செத்துப்போனால் என்ன செய்வாய்?" என்று கேட்டோம். பெரியவன் பயமே இல்லாமல் சொன்னான்: "ஒண்ணும் ஆவாது சாமி. டிவியில அடி வாங்கறவன் அப்பறம் எந்திரிச்சிக்கறான்."

நமக்குக் கோபம் பொங்கியது. பிரம்பை எடுத்து அவனை நன்றாக அடித்தோம். அவன் அழுதான். அப்பொழுது தற்செயலாக அந்தச் சிறியவனைப் பார்த்தோம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்களில் ஒரு மின்னல். மற்றப் பிள்ளைகளும் எண்ணத் தொடங்கியிருந்தார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று.

அன்றிரவு ஆன்ம சோதனையின்போது அந்தச் சிரிப்பு நம்மை விடவில்லை. தொலைக்காட்சி அவர்களுக்கு என்ன கற்பித்தது? வலியவன் அடிக்கலாம், அடித்தால் வெற்றி, பார்ப்பவருக்கு அது வேடிக்கை என்று கற்பித்தது. நாம் என்ன கற்பித்தோம்? அதையேதான்! அதுவும் கோயில் வளாகத்தில், அங்கி அணிந்துகொண்டு. மறுநாள் பிரம்பை அடுப்பில் போட்டோம். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தோம், வெட்கத்தால் தள்ளிப்போட்டோம். அதற்குள் நமக்கு மாற்றல் வந்துவிட்டது. இன்று அவனுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை அவன் எப்படி நடத்துகிறானோ, அறியோம்.

முதல் திரை எது?

ஆகவே, பெற்றோரே, நம் வீட்டின் முதல் திரை சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியன்று. தகப்பனுடைய முகமே முதல் திரை. தாயின் நாவே முதல் ஒலிபெருக்கி. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் தகப்பன், "டிவி பார்த்துப் பிள்ளை கெட்டுப்போனான், சாமி" என்று நம்மிடம் வந்து முறையிட்டால் நாம் என்ன சொல்ல? அடியாத மாடு படியாது என்று பழமொழி சொல்கிறோம். நம் பிள்ளைகள் மாடுகளா? பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்துவிட்டது. சட்டம் விட்டொழித்த பிரம்பை, சிலுவையை வணங்குகிற வீடு வைத்துக்கொண்டிருக்கலாமா?

இன்னும் ஒரு படி மேலே போவோம். 2012ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் நம் மாவட்டத்தில், நாயக்கன்கொட்டாய் அருகே, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் மக்களின் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. அதைச் செய்தவர்கள் கார்ட்டூன் பார்க்கும் சிறுவர்களா? வளர்ந்த மனிதர்கள். எரிந்த வீட்டின் பிள்ளையும் அதைப் பார்த்தது. எரித்த வீட்டின் பிள்ளையும் அதைப் பார்த்தது. எந்தத் தொலைக்காட்சியும் காட்ட முடியாத பாடம் அது. சாதியின் பேரால் வீட்டுத் திண்ணையில் பேசும் ஒவ்வொரு சொல்லையும் பக்கத்தில் விளையாடும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பதை மறவாதிருப்போம்.

அடித்தவனா, அடிபட்டவனா?

"அப்படியானால் பிள்ளைகளுக்கு வன்செயலையே காட்டக் கூடாதா, சாமி? கூத்தில் இல்லாத கொலையா? பாஸ்காவில் இல்லாத அடியா?" என்று நம் பங்கு இளைஞர் ஒருவர் கேட்டார். மிக நல்ல கேள்வி. அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இதைச் சிந்திக்க வைத்தது அவரே.

நம் மாவட்டம் தெருக்கூத்துக்குப் பேர் பெற்றது. பாரதக் கூத்தில் துரியோதனன் படுகளத்தைப் பாருங்கள். அவன் கெட்டவன் என்று ஊருக்கே தெரியும். ஆயினும் அவன் விழுந்ததும் அவன் மனைவி பெருந்திருவாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள். கூடவே ஊர்ப் பெண்களும் அழுகிறார்கள். கெட்டவன் சாவுக்கும் அங்கே கண்ணீர் உண்டு. நம் சிலுவைப் பாதையை நினைத்துப் பாருங்கள். அதைவிடக் கொடிய வன்செயல் ஏது? ஆனால் பதினான்கு இடங்களில் நாம் நிற்கிறோம், முழந்தாளிடுகிறோம். அடித்த படைவீரன் எவ்வளவு பலசாலி என்று அங்கே எவரும் வியப்பதில்லை. அடிபட்டவர் முகத்தையே பார்க்கிறோம். ஐந்தாம் நிலையில் சீமோன் சுமையைத் தாங்குகிறார். ஆறாம் நிலையில் வெரோணிக்கா முகத்தைத் துடைக்கிறாள். நாமும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறோம்.

தொலைக்காட்சிச் சண்டையில் நடப்பது என்ன? கதாநாயகன் ஒரே அடியில் பத்துப் பேரை வீழ்த்துகிறான். பின்னால் இசை முழங்குகிறது. அந்தப் பத்துப் பேருக்கும் தாய் உண்டா, பிள்ளை உண்டா, அவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வலி இல்லாத அடி, கண்ணீர் இல்லாத சாவு! நம் பிள்ளைகளுக்குக் காட்டப்படும் பெரிய பொய் இதுவே. சிலுவைப் பாதை வன்செயலை அடிபட்டவர் பக்கம் நின்று காட்டுகிறது. திரையோ பெரும்பாலும் அடித்தவன் பக்கம் நின்று காட்டுகிறது. மறைக்கல்வியில் அன்று அந்தப் பையன் சொன்னது முழுவதும் திரை அவனுக்குக் கற்றுக்கொடுத்த வேதம்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய காரியங்களை நாம் கேட்கவில்லை. செய்யக்கூடிய சிலவற்றையே சொல்லுகிறோம்.

முதலாவது, பிள்ளையைத் தனியே பார்க்க விடாதீர்கள். முடிந்தபோதெல்லாம் உடன் அமருங்கள். சண்டைக் காட்சி வந்தால், "அடிபட்டவனுக்கு என்ன ஆயிற்று? அவன் அம்மா என்ன செய்வாள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாட்டிமாரே, உங்கள் பழைய முணுமுணுப்பை மீண்டும் தொடங்குங்கள்! அது பெரிய மறைப்பணி.

இரண்டாவது, குடும்ப செபமாலை நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் பெட்டியும் கைப்பேசியும் அணைந்திருக்கட்டும். பிள்ளைகளுடையது மட்டுமன்று, நம்முடையதும்.

மூன்றாவது, தாய்மாரே, இரவுத் தொடர்களில் மருமகள் மாமியாருக்குச் சூழ்ச்சி செய்வதும், பழிவாங்கச் சபதம் எடுப்பதும் வன்செயலே. கத்தி இல்லை என்பதால் காயம் இல்லை என்று எண்ண வேண்டாம். மடியில் படுத்திருக்கும் பிள்ளை தூங்கிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது தூங்குவதில்லை.

நான்காவது, சட்டம் நமக்குத் தரும் உரிமையை அறிந்துகொள்ளுங்கள். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, பிள்ளைகளுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை அவர்கள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பக் கூடாது. மீறினால் அந்த அலைவரிசைக்கே புகார் எழுதலாம். 2021ஆம் ஆண்டின் விதிப்படி அவர்கள் பதினைந்து நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் நிறைவளிக்காவிடில் மேல்முறையீடும் செய்யலாம். திரைப்படங்களுக்கும் இப்பொழுது ஏழு வயது, பதின்மூன்று வயது, பதினாறு வயது எனத் தனித்தனிச் சான்று தருகிறார்கள். படம் தொடங்கும்போது அந்தச் சான்றைப் பாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். நாம் எழுதித் தருவோம்.

ஐந்தாவது, பெட்டியை அணைத்துவிட்டால் பிள்ளை எங்கே போகும்? இதற்கு விடை சொல்லாமல் "பார்க்காதே" என்பது பசித்தவனிடம் "சாப்பிடாதே" என்பதற்குச் சமம். ஆகவே நாமும் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். இந்த யூபிலி ஆண்டு முதல், நாள்தோறும் மாலையில் நம் கோயில் வளாகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும். எந்தச் சமயம், எந்தத் தெரு என்று கேட்கமாட்டோம். கபடிக்கும் கோக்கோவுக்கும் நம் இளைஞர் உடனிருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பெற்றோர் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை அன்பியக் குழுக்கள் எழுதித் தரட்டும். அப்பிள்ளைகளை நாம் முதலில் அழைப்போம்.

அன்பார்ந்தவர்களே, சிறியோருள் ஒருவருக்கு இடறலாக இருப்பவனுடைய கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது அவனுக்கு நலம் என்று நம் ஆண்டவர் எச்சரித்தார். கல் நிறைந்த இந்தத் தர்மபுரிச் சீமையில் வாழும் நமக்கு அந்தக் கல்லின் கனத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த எச்சரிக்கை படம் எடுப்பவனுக்கு மட்டுமன்று, பிரம்பெடுத்த குருவுக்கும், கையோங்கிய தகப்பனுக்கும் உரியது.

யூபிலி என்றால் விடுதலை என்றோம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெட்டியை ஒரு மணி நேரம் அணைத்துவையுங்கள். பிள்ளையை அருகில் அழைத்து, இன்று பள்ளியில் உன்னை யாராவது அடித்தார்களா, நீ யாரையாவது அடித்தாயா என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். முன்னொரு நாள் நீங்கள் கோபத்தில் அடித்தது நினைவுக்கு வந்தால், மன்னிப்பும் கேளுங்கள். நாம் தள்ளிப்போட்டதுபோல் நீங்கள் தள்ளிப்போட வேண்டாம்.

குழந்தை இயேசுவை வளர்த்த திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக. எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.